பதினோரு நிமிடம்

"மாப்ள, இத்தனை பெரிய ஊட்டுல ஒருத்தரை ஒருத்தர் கூப்புடணும்னா..." என்று என் மாமனார் ஆரம்பித்தார். மீதி என்னவோ சொன்னார். எனக்குப் பாதிதான் ஞாபகம். கிரகப்பிரவேசத்தன்று பந்திக்குப் போகிற வழியில் சொன்னது. மேளச் சத்தம் ஒரு பக்கம், என் போன் ஒரு பக்கம். நான் போனை எடுத்துவிட்டேன். மீதியை அவர் குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, எனக்குப் பின்னால் நின்ற பிரபாவிடம் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரபாவதி என் மனைவி. மாமனார் போன ஆடியில் இறந்துவிட்டார். இனிமேல் அதை யாரிடம் கேட்பது?

நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். பொள்ளாச்சியில் என்ன வேலை என்றுதானே கேட்டீர்கள்? ஒரு வேலையும் இல்லை. இன்றைக்குப் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் என் வீட்டில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன், முதலில் கிளம்பிய பஸ் இது, ஏறிவிட்டேன். காரில் வந்திருக்கலாம். காரில் வந்தால் சுற்றிச் சுற்றி வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஜன்னலைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும். முன்னால் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருப்பவர்தான் உங்கள் வீட்டுக்காரம்மாவா? சரி சரி.

பதினோரு மணிக்குப் பிரபா வருகிறாள். தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக. என் மகள் தாரிணி மெல்போர்னில் படிக்கிறாள், அவள்தான் போனில் சொன்னாள். "அப்பா, அம்மா வியாழக்கிழமை வர்றாங்க. நீங்க வீட்ல இருக்கக் கூடாது. கேமரா ஒண்ணுகூட ஓடக் கூடாது. அம்மா கேட்டது இந்த ரெண்டுதான்."

"நான் என்ன உங்கம்மாவக் கடிச்சா திங்கப்போறேன்?" என்றேன்.

"ரெண்டுதாம்ப்பா," என்றாள் மறுபடியும்.

முதலாவதைச் செய்தாயிற்று. இதோ பஸ்ஸில் இருக்கிறேன். இரண்டாவது இந்த போனில் இருக்கிறது. பாருங்கள், இந்தச் சிவப்புப் பட்டன். இதைத் தொட்டால் வீட்டில் பதினாறு கேமராவும் அணைந்துவிடும். இன்னும் தொடவில்லை. மணி பத்து இருபதுதான். நேரம் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷம் டல்லாஸில் இருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. நான்கு பேரோடு ஆரம்பித்தேன், விற்கும்போது அறுநூறு பேர். நாற்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இந்த ஊரில் அப்படித் திரும்பினவர்கள் எத்தனை பேர் சொல்லுங்கள்? ஒரு பத்திரிகையில் என் வீட்டைப் படம் பிடித்து நான்கு பக்கம் போட்டார்கள். நீங்கள் பார்த்திருக்கலாம். இல்லையா? சரி, பரவாயில்லை.

தொண்டாமுத்தூர் தாண்டி இரண்டு ஏக்கர். வீட்டில் எல்லாம் தானாக நடக்கும். விடிந்தால் திரை விலகும். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கு எரியும். கேட்டுக்கு வாட்ச்மேன் கிடையாது, போனைத் தொட்டால் திறக்கும். பிரபாவுக்கு மாடியில் மலையைப் பார்த்தபடி பெரிய அறை. எனக்குக் கீழே. நேரம் கெட்ட நேரத்தில் அமெரிக்காவிலிருந்து போன் வரும், அவள் தூக்கம் கெடக் கூடாது என்று நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். எத்தனை புருஷன்மார் இப்படி யோசிப்பார்கள்?

நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் அப்பா பீளமேட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் தொழிலாளி. எங்கள் குடும்பம் வேறு மாதிரி. நான் வித்தியாசம் எதுவும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை அவளிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த உதட்டுப் பேச்சு மில்லில் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதில் முப்பது வருஷம் நின்றவர்கள் உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தும் அப்பாவும் மகளும் அப்படித்தான். கல்யாண வீட்டில் இவள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை, நடுவில் இருநூறு பேர். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. நாலு பேர் இருக்கிற இடத்தில் அது மரியாதை இல்லை, பாருங்கள்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஐந்நூறு பேரைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையைப் பற்றி இருபது நிமிஷப் படம் ஒன்று எடுக்கச் சொல்லியிருந்தேன். அதில் பிரபாவும் இரண்டு இடத்தில் வருவாள். அப்புறம் நான் பேசினேன். முக்கால் மணி நேரம், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல். அப்போதும் அப்பாவும் மகளும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள், மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. திடீரென்று பிரபா அழுதாள். தாங்க முடியாமல் அழுதாள். ஐந்நூறு பேரும் பார்த்தார்கள். அவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம்தான் மாமனாருக்கு ஸ்கேன் முடிவு வந்ததாம். அது வேறு விஷயம்.

உங்கள் வீட்டம்மா திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன கேட்டார்கள்? கையை இப்படி ஆட்டினார்களே. மாத்திரை போட்டாச்சா என்றா? அந்தக் கையாட்டலிலேயே அது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? நல்லது. நல்லது. போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் என்னிடம் இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆமாம். அவள் வீட்டை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை.

சிரிக்காதீர்கள். யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பார்கள். காலையில் மாடித் திரை விலகியது. ஆறரைக்கு அவள் அறையில் விளக்கு எரிந்தது, பத்து மணிக்கு அணைந்தது. தோட்டத்தில் நடந்துகொண்டே போன் பேசும்போது அண்ணாந்து பார்ப்பேன். விளக்கு எரிகிறது. எரிந்தால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மேஜையில் சாப்பாடு இருந்தது. என் மாத்திரைகள் கிழமைவாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டிருந்தன. அந்த வாரத்துக்கு உள்ளதைச் சனிக்கிழமையே போட்டு வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை என் பேட்டி ஒன்று வெளிவந்தது, அவளுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. எப்போதும் அதுதான் வரும்.

வியாழக்கிழமை காலையில் சமையல் செய்கிற சரசக்கா காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏனுங்க சார், அம்மா எப்பங்க வர்றாங்க?"

"எங்கிருந்து?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊருக்குப் போயிருக்காங்கன்னு நெனச்சனுங்க. நாலு நாளா ஒரு ஆளுக்குத்தானுங்க ஆக்கறேன்."

மாடிக்குப் போனேன். மடித்த போர்வை மடித்தபடி இருந்தது. போன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"எங்கே இருக்கே?"

"அப்பா ஊட்ல."

"எப்பப் போனே?"

"ஞாயித்துக்கெழமை."

அப்புறம் கேட்டாள், "இன்னைக்கு என்ன கெழமைங்க?"

சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. எல்லாம் தாரிணி வழியாகத்தான். அந்த அறையில் இன்றைக்கும் ஆறரைக்கு விளக்கு எரிகிறது. நான் அதை மாற்றவில்லை.

அதற்கு அப்புறம்தான் கேமராவில் போய்ப் பார்த்தேன். முன் ஹாலில் இருக்கிற கேமரா. ஞாயிறு காலை பத்து நாற்பது. அதில் சத்தம் பதிவாகாது, படம் மட்டும்தான். ஒரே ஒரு பையோடு படியிறங்கி வருகிறாள். நான் போனில் பேசியபடி குறுக்கே போகிறேன். என்னிடம் ஏதோ சொல்கிறாள். சின்னதாக, இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். நான் அவளைப் பார்க்கவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறேன், ஒரு நிமிஷம் என்று. காட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். அவள் செருப்பு வைக்கிற பெஞ்சில் உட்காருகிறாள். பதினோரு நிமிடம். அப்புறம் எழுந்து வெளியே போகிறாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதல் தடவை பார்த்தபோது என் கண்ணில் பட்டது என் பின்மண்டைதான். மேலே இருந்து எடுக்கிற கேமரா, உச்சியில் வழுக்கை விழுந்திருப்பது அப்படியே தெரிந்தது. அன்றைக்கே ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இரண்டாவது தடவைதான் அவளைப் பார்த்தேன்.

பிறகு தினமும் பார்த்தேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு தெம்பு வந்தது. யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று போகிறவள் எதற்குப் பதினோரு நிமிடம் உட்கார வேண்டும்? நான் பேசி முடித்து வருவேன், எங்கே போகிறாய் என்று கேட்பேன் என்று காத்திருக்கிறாள். ஒரு பெண்ணுக்கு ஒருவன்மேல் எவ்வளவு ஆசை இருந்தால் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருப்பாள்! அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் தெரியவில்லை. "நான் போறேன்" என்றா? "போகட்டுமா?" என்றா? கண்ணாடி முன்னால் நின்று அவள் உதட்டைப் போலவே அசைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று பொருந்தியது. எல்லாமே எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

கேமராப் படம் பதிவாகிற பெட்டியில் முப்பது நாள் படம்தான் நிற்கும். அடுத்த நாள் வந்தால் பழைய நாளின் மேல் எழுதிவிடும். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தாரிணியின் போனும் வந்துவிட்டது. அதனால் இந்தத் திங்கட்கிழமை கேமராக்காரர் மரியதாஸை வரச் சொன்னேன். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். மில்லில் இருந்து, மில் மூடினதும் டிவி பழுது பார்த்து, இப்போது இந்த வேலை. இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, அந்தப் பதினோரு நிமிடத்தைத் தனியாக எடுத்துத் தர வேண்டும். இன்னொன்று, வியாழக்கிழமை கேமராக்களின் சிவப்புப் புள்ளி எரியக் கூடாது, ஆனால் உள்ளே பதிவாகிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் சத்தமும்.

"மொதல்து செய்யறனுங்க. ரெண்டாவது என்னால ஆகாதுங்க சார்," என்றார்.

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, மரியதாஸ்."

"அதுக்கில்லீங்க. அந்தம்மா வேண்டாம்னு சொல்லீருக்காங்கன்னு நீங்களேதானுங்க சொல்றீங்க." என் போனை வாங்கி, இந்தப் பட்டனை வைத்துக் கொடுத்தார். "அணைக்கறதுன்னா இதைத் தொடுங்க. அணைக்காம உடறதுன்னா அது உங்க கையில. நான் அதுல இல்லை."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஓட்டினார். ஓட்டியவர் நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் போனார். மறுபடி ஓட்டினார். அவருடைய உதடும் லேசாக அசைந்தது.

"இந்தம்மா மில்லுக்காரங்க ஊட்டுப் பொண்ணுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"வாயை நல்லாத் தொறந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்றாங்க பாருங்க. காது கேக்காத எடத்துல நிக்கறவனுக்குச் சொல்ற மாதிரி."

"என்ன சொல்றா?"

"அதை விடுங்க சார்."

"சொல்லுங்க."

"நல்லதா இருந்தா நானே சொல்லீருப்பனுங்கல்ல..."

"மரியதாஸ், சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'கேட்டைத் தொறந்து உடுங்க. வண்டி நிக்குது.' அவ்வளவுதானுங்க."

கேட்டில் இருக்கிற கேமராவை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அவர் திறந்தார். பத்து முப்பத்தெட்டுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி கேட்டைத் தள்ளிப் பார்க்கிறார். மறுபடி ஏறி உட்காருகிறார். பத்து ஐம்பத்தொன்றுக்குக் கேட் திறக்கிறது. திறந்தது எந்தப் போனிலிருந்து என்றும் அதில் பதிவாகும். என் போனிலிருந்துதான். அப்போது ஞாபகம் வந்தது. தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். எரிச்சலாக இருந்தது. கூரியர்காரன் என்று நினைத்து, யார் என்றுகூடப் பார்க்காமல் தொட்டேன்.

அவள் போனில் கேட்டைத் திறக்கிற வசதி கிடையாது. முன்பு இருந்தது. புது போன் மாற்றியபோது போய்விட்டது. ஏற்றிக் கொடுங்கள் என்று மூன்று தடவையோ நான்கு தடவையோ கேட்டாள். ஒரு நிமிஷ வேலைதான். டிரைவர் இருக்கிற நாளில் டிரைவர் திறப்பார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

பதினோரு நிமிடமும் அவள் முகம் கேட்டுப் பக்கம்தான் இருந்திருக்கிறது. நான் நடந்துகொண்டிருந்த தோட்டம் அவளுக்கு முதுகுப் பக்கம். அத்தனை நாள் பார்த்தேனே, அது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

"எடுத்து வெக்கட்டுங்களா சார்?" என்று கேட்டார் மரியதாஸ். நான் எழுந்து திரையை அணைத்தேன். தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த ஞாயிற்றுக்கிழமை அழிந்துவிட்டது.

இது எந்த ஊர், கிணத்துக்கடவா? அப்படியென்றால் மணி பதினொன்று ஆகப்போகிறது.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கேமராவை அணைக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளைக் கண்காணிக்க வேண்டும் என்பதல்ல. சத்தியமாக இல்லை. நேற்று முழுக்க அந்த வீட்டை அறை அறையாகச் சுற்றினேன். அவள் எதை எடுத்துக்கொண்டு போக வருகிறாள் என்று யோசித்தேன். நகைகளை வேண்டாம் என்றுவிட்டாள். சேலைகள் நான் வாங்கியவை. படங்கள், விளக்குகள், கம்பளங்கள் எல்லாம் நான் தேடித் தேடி வாங்கியவை. சமையலறையில் போய் நின்றேன். சரசக்காவிடம்கூடக் கேட்டேன், அம்மாவுக்குப் பிடித்தது இந்த வீட்டில் எது என்று. "எனக்கெப்படிங்க தெரியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவள் அலமாரியைத் திறந்தேன். ஒரு சின்ன டப்பாவில் ஏதேதோ இருந்தது. ஒரு பழைய சீப்பு. நூல் சுற்றிய ஒரு கட்டை. சாவி ஒன்று, எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை. அவற்றில் எதைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இது பிரபாவுடையது என்று ஒரு பொருளைத் தொட்டுக் காட்ட என்னால் முடியவில்லை.

கேமரா ஓடினால் பார்த்துவிடலாம். எந்த அறைக்கு முதலில் போகிறாள், எதைக் கையில் எடுக்கிறாள், எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். அணைத்துவிட்டால் அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எவ்வளவு தேடினாலும் எது குறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனி எப்போதும் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுங்கள்.

இருங்கள். போன் அடிக்கிறது. கேட்டிலிருந்துதான்.

அவள்தான். பாருங்கள், இதுதான் பிரபா. தலைமுடியைக் கழுத்துவரை கத்தரித்திருக்கிறாள். எப்போது கத்தரித்தாள்? தினமும் நான் பார்த்த அந்தப் படத்தில் எப்படி இருந்தது? எனக்கு ஞாபகமே இல்லையே. பக்கத்தில் வாடகைக் கார் டிரைவர் ஏதோ சொல்கிறார், சிரிக்கிறாள்.

கேட்டைத் திறந்துவிட்டேன். பதினாறையும் அணைத்துவிட்டேன்.